சக்கர வீடும் சைக்கிளும்

மோட்டார் வண்டியையே வீடாக்கி, வருஷம் முழுவதும் ஊர் ஊராகச் சென்று வசிக்கும் குடும்பங்கள் இப்போது நம் தேசத்திலும் தோன்றியிருக்கின்றன. அவர்களுக்கு நாம் கூற விரும்பும் யோசனை ஒன்றுதான்: வண்டியின் பின்புறம் இரண்டு சைக்கிள்களைக் கட்டிக்கொள்ளுங்கள்.

திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். பெரிய வண்டி பனியன் கம்பெனிச் சந்துகளில் நுழையாது. சைக்கிளோ, பின்னல் இயந்திரங்களின் ஓசை காதில் விழ, தெருத் தெருவாக அழைத்துச் செல்லும். 1932-ல் போலீஸ் தடியடிபட்டும் கொடியை விடாமல் உயிர் நீத்த குமரனின் நினைவிடம் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. இறங்கி வணங்கிவிட்டுப் போகலாம்.

அப்பால் நொய்யல். மோட்டாரில் ஒரு கணத்தில் கடந்துவிடும் ஆற்றைச் சைக்கிளில் செல்வோர் பார்க்காமல் இருக்க முடியாது. சாயக் கழிவால் நொந்த நதி அது. 2011-ல் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை ஹைகோர்ட் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. நாம் மலிவாக வாங்கிய பனியனுக்கு மீதி விலையை அந்த ஆறு கொடுத்தது.

ஆறுதலும் பக்கத்திலேயே உண்டு. அதிகாலையில் ஊத்துக்குளி சாலைப் பக்கம் மிதித்தால் நஞ்சராயன் குளம். 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம்.

குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உடுக்கும் துணியும் குடிக்கும் நீரும் ஓர் ஊரில் எவ்வாறு பகையாயின என்பதை அவர்கள் கண்ணாரக் காணட்டும்.