இடுக்கில் எட்டாத திருகாணிக்கு என்ன கொடுப்பது?



நம் ஹார்டுவேர் கடைகளில் பேட்டரி டிரில் இன்று அன்றாடச் சரக்காகிவிட்டது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகி, சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-இல் வந்ததில் கட்டட வேலை பெருகியது. சமையலறை அலமாரி, பிளைவுட் கப்போர்டு, ஷீட் கூரை என்று எல்லாவற்றுக்கும் திருகாணிதான். டிரில் வாங்கிப் போனவர் சில வாரங்களில் திரும்ப வருகிறார். "மூலையிலே மிஷின் நுழையலீங்க, வளைஞ்ச மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்கிறார்.

கடைச்சிப்பந்தி கைக்கு முதலில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்துப் பில் போட்டுவிடுகிறார். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. டவுனில் இருப்பவர் சாயங்காலமே கொண்டுவந்து மாற்றிக்கொள்வார். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வரும் தச்சருக்கு அது முடியாது. மாற்ற வந்தால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி. சரக்கின் விலையைவிட அந்த நஷ்டமே பெரிது. அவர் சண்டை போட வரமாட்டார். பொருளை மூலையில் போட்டுவிட்டு அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். மலையில் அவரைப் பார்த்து வாங்குகிற பத்துப் பேரும் அவரோடு போய்விடுவார்கள்.

ஆகவே வளைந்த சரக்கை எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எத்தனை விரற்கடை இடம் இருக்குங்க?" என்பதுதான். டேப் வைத்து அளந்துகொண்டு வருபவர் குறைவு. விரற்கடை எல்லோருக்கும் தெரியும். நான்கு விரற்கடை ஏறத்தாழ மூன்று அங்குலம், அதாவது 7 முதல் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண பேட்டரி டிரில்லின் உடல் நீளமே பின்புறத்திலிருந்து சக் வரை 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கும். பிட்டும் திருகாணியும் அதற்கு மேல். அந்த அளவு நேரான இடம் இருந்தால் எந்த இணைப்பும் வேண்டியதில்லை. இடம் ஆழமாக இருந்து டிரில்லின் பருத்த தலை மட்டும் இடிக்கிறது என்றால் காந்தம் வைத்த நீட்டிப்புக் கம்பி போதும். 15 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர் நீளங்களில் வருகிறது. கூரை ஷீட் அடிப்பவருக்கு இதுவே தேவை. செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவின் அறுகோணத் தலை பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், அதாவது 5/16 அங்குலம். அதற்குக் காந்தம் உள்ள 8 மில்லிமீட்டர் நட் பிட்டையும் சேர்த்துக் கொடுத்தால், சுவரை ஒட்டின சட்டத்தில் கையை நீட்டி ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நேராக நுழையவே முடியாத இடத்துக்குத்தான் 90 டிகிரி கோண இணைப்பு. உள்ளே இரண்டு கூம்புப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துச் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகின்றன. இதன் தலையின் உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். இங்கேதான் பலரும் கணக்குத் தவறுகிறார்கள். தலை நுழைந்தால் போதாது, முடுக்க வேண்டிய திருகாணியும் அந்த இடைவெளிக்குள் நிற்க வேண்டும். தலை 4, வெளியே நீளும் பிட் ஒன்றேகால், ஒன்றரை அங்குலத் திருகாணி 3.8. மொத்தம் 9 சென்டிமீட்டருக்கு மேல் போகிறது. நான்கு விரற்கடை இடத்தில் அந்தத் திருகாணி நிற்காது. முக்கால் அங்குலத் திருகாணி என்றால் நிற்கும். கீல் வேலைக்குப் பெரும்பாலும் சின்னத் திருகாணிதான் என்பதால் கப்போர்டு செய்பவர்களுக்கு இது உதவுகிறது. இந்த இணைப்போடு வரும் பக்கக் கைப்பிடியைப் பிடிக்காமல் ஓட்டினால் திருகாணிக்குப் பதில் தலையே சுழன்று விரலில் அடிக்கும். டிரில்லின் கிளட்ச் வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள்.

வளையும் தண்டு என்று ஒன்று வருகிறது. பார்வைக்குக் கவர்ச்சியானது, அதனால் நன்றாகவும் விற்கிறது. என் அபிப்பிராயத்தில் இதுதான் அதிகம் திரும்பி வரும் சரக்கு. உள்ளே எஃகுக் கம்பிகளை அடுக்கடுக்காக எதிரெதிர்த் திசையில் சுற்றியிருப்பார்கள். சின்னத் திருகாணிக்கும், ஏற்கெனவே துளை போட்ட இடத்துக்கும் சரி. வேங்கை, தேக்கு போன்ற கெட்டி மரத்தில் இரண்டு அங்குலத் திருகாணியை ஏற்றப் பார்த்தால், தண்டு தானே முறுக்கிக்கொண்டு நின்று பிறகு உதறும். முடுக்கும்போது தரும் பலத்தைக் கழற்றும்போது பொதுவாகத் தருவதில்லை. துருப்பிடித்த பழைய திருகாணியைக் கழற்ற இதைக் கேட்பவரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். யுனிவர்சல் ஜாயிண்ட் வைத்த குட்டை இணைப்பும் இருக்கிறது. சற்றே சாய்த்துப் பிடிக்கும் வேலைக்கு அது போதும், அதிகம் வளைத்தால் ஆட்டம் கொடுக்கும்.

சுவரை ஒட்டியே இருக்கும் திருகாணிக்கு அச்சை ஓரத்துக்குத் தள்ளித் தரும் தலை வேண்டும். பாஷ் கம்பெனியின் ஜி.எஸ்.ஆர். 12வி-15 எஃப்.சி. டிரில்லுக்குக் கோணத் தலையும் ஓரத் தலையும் கழற்றி மாட்டும்படி வருகின்றன. அந்தத் தலைகள் அந்த வகைக்கே உரியவை. வேறு டிரில் வைத்திருப்பவரிடம் விற்றுவிட்டால் மறுநாளே கடை வாசலில் நிற்பார்.

பொருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுவான பிட்டின் அடிப்பகுதி கால் அங்குல அறுகோணம், 6.35 மில்லிமீட்டர். ஆனால் அதிலும் இரண்டு விதம். 25 மில்லிமீட்டர் குட்டை பிட்டில் மூலைகளில் சிறு வெட்டு மட்டும் இருக்கும். 50 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றில் சுற்றிலும் பள்ளம் ஒன்று ஓடும். இம்பாக்ட் டிரைவரின் கழுத்து அந்தப் பள்ளத்தைத்தான் கவ்வுகிறது. இம்பாக்ட் டிரைவர் வைத்திருப்பவருக்கு இணைப்பின் பெட்டியில் இம்பாக்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பல்சக்கரம் சீக்கிரமே நொறுங்கும். ஸ்டார் பிட் என்று நாம் பொதுவாகச் சொல்வதிலும் பி.எச். வேறு, பி.இசட். வேறு. இறக்குமதிக் கீல்களோடு வரும் திருகாணிகள் பல பி.இசட். 2. அதில் பி.எச். பிட்டை வைத்து இடுக்கில் சாய்வாக அழுத்தினால் தலை வழுக்கித் தேய்ந்துவிடும். பிறகு எந்த இணைப்பாலும் அதை எடுக்க முடியாது. பில்லில் பிட்டுகளுக்கு எச்.எஸ்.என். 8207 என்ற தலைப்பு.

மாதத்தில் ஒரு தடவை இடுக்கு வேலை வருபவருக்குக் கோண இணைப்பைத் தலையில் கட்டுவது நியாயமல்ல. குட்டைத் திருப்புளியோ, பிட் மாட்டும் சின்ன ரேட்செட்டோ குறைந்த செலவில் அந்த வேலையை முடிக்கும். மூன்று விரற்கடைக்குக் கீழே இடம் என்றால் பெரும்பாலும் ரேட்செட்தான் நுழையும். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வேலை பார்ப்பவர் கேட்டாலும் கைத்திருப்புளியையே கொடுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறப்பதும், பித்தளை டெர்மினல் திருகாணியைக் கையால் இறுக்குவதும்தான் முறை. மிஷின் பலத்தில் அதன் மரை போய்விடும்.

இருப்பு வைப்பதில், நம் ஊர் அளவுள்ள கடைக்கு நீட்டிப்புக் கம்பியும் 8 மில்லிமீட்டர் நட் பிட்டும் டஜன் கணக்கில் போகும். கோண இணைப்பு மூன்று நான்கு இருந்தால் போதும், வளையும் தண்டு அதற்கும் குறைவாக. பிளைவுட் துண்டுகளில் ஒரு மூலைப் பெட்டி செய்து, நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, கல்லாவுக்கு அருகில் வைத்துவிடலாம். வாங்க வந்தவர் தன் திருகாணி ஒன்றைக் கொண்டுவந்திருந்தால், அதை அங்கேயே முடுக்கிப் பார்த்துவிட்டு மலை ஏறட்டும்.