குழந்தைக்குப் பஞ்சு மெத்தை ஏன் ஆகாது?

வத்திராயிருப்பு வீடுகளில் குழந்தை பிறந்ததும் உத்தரத்தில் சேலைத் தூளி தொங்கும். சிலர் இலவம்பஞ்சு மெத்தையும் தைப்பார்கள். மெத்தென்று இருப்பதுதானே குழந்தைக்குச் சுகம்? இல்லை.

ஏன்? பச்சிளங்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்துத் தசை பலவீனம், மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. தூளியில் உடல் வளையும்போது தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுவழி ஒடுங்கலாம். மெத்தையில் முகம் புதைந்தால், வெளிவிட்ட கரியமில வாயுவையே குழந்தை மறுபடி இழுக்கும். தலையைத் திருப்பித் தப்ப அதற்கு வலுவில்லை.

படுக்கையை எப்படித் தேர்ந்தெடுப்பது? கையால் அழுத்தினால் குழி விழக் கூடாது. சமதளத் தரையில் கோரைப்பாய், அதன்மேல் சுருக்கமின்றி இழுத்துச் செருகிய பருத்தித் துணி போதும். தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். படுக்கை 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது என்று 2022-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கூறியது.

எப்போதும் மல்லாக்கவே படுக்க வையுங்கள். 1994-இல் அமெரிக்காவில் இதற்கான பிரசாரம் தொடங்கியபின், தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

தூளியில் ஆட்டினாலும் பக்கத்திலேயே இருங்கள். கண் அயர்ந்ததும் பாய்க்கு மாற்றுங்கள். பாட்டி விரித்த பாயே பாதுகாப்பான படுக்கை.