வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுத்தது?

'ஆர்.சி.' என்று தொடங்கும் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் பங்குச்சாமியார்தான் தாளாளர். காலையில் பூசை வைத்தவரே பத்து மணிக்குச் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவார். அப்படி ஒரு பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாமியார் வருடாந்தரத் தியானத்துக்குப் புறப்படும் மாதம் எங்களுக்குள் ஒரே பேச்சுதான்: "ஃபாதர் பில்லுல கையெழுத்துப் போட்டுட்டாரா?" பங்குக் கோயில் வரலாற்றைக் கோபுரம், பீடம், வண்ணக் கண்ணாடி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதைச் சம்பளக் கணக்கு வழியாகப் பார்த்துத்தான் பழக்கம்.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தெருவில் மணியை ஆட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டுவார். செபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைப்பார். அவருக்கே தமிழ் மனப்பாடம்தான். ஊர் ஊராகப் போக வேண்டியவர் ஆயிற்றே, அதனால் தனக்குப் பதிலாகக் கணக்கப்பிள்ளைகளை ஊர்களில் விட்டுப் போனார். பிற்காலத்து உபதேசியார்களுக்கும், ஒரு வகையில் எங்களுக்கும், இவர்கள்தான் மூத்தவர்கள்.

சரி, இவர்களுக்குச் சம்பளம்? போர்ச்சுகல் ராணி கத்தரினாவின் செருப்புச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து ஆண்டுக்கு 4,000 பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. முத்துக் குளித்தவர்கள் உழைப்பில் வந்த காசு. சவேரியார் அதில்தான் கை வைத்தார். மோட்சத்துக்கு ஏற இதைவிட நல்ல செருப்பு உங்களுக்குக் கிடைக்காது என்கிற தோரணையில் ராணிக்கு எழுதினார் என்று சொல்வார்கள். நன்கொடை கேட்பதில் அவரை மிஞ்சிய தாளாளரை நான் பார்த்ததில்லை.

1773-ல் சவேரியாரின் சேசு சபை கலைக்கப்பட்டதும் பல ஊர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. சபை மீண்டும் உயிர்பெற்ற பிறகு பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1838-ல். குக்கிராமங்களில் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஒரே ஓலைக்கூரைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை, மற்ற நாளில் பீடத்துக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டால் வகுப்பு.

1844-ல் பாண்டிச்சேரியில் குருக்கள் கூடிப் பேசிய சங்கத்தில் பள்ளிகளும் முக்கியப் பேச்சாக இருந்தன. பெண் எழுத்துப் படித்தால் தாசியா என்று கேட்ட காலம் அது. அதே ஆண்டு துப்புயி சாமியார் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவென்றே அங்கே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அதன் பிறகு எத்தனையோ சபைகள் வந்தன. இந்தக் கன்னியர் இல்லாமல் பங்குப் பள்ளிகள் இவ்வளவு பெருகியிருக்காது. பக்தி ஒரு காரணம். சோறும் துணியும் போதும், சம்பளம் வேண்டாம் என்கிற ஆசிரியை கிடைத்தது இன்னொரு காரணம். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும்.

அடுத்த திருப்பம் 1854-ல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கை. கட்டடமும் நிர்வாகமும் உங்களுடையது, பரிசோதனை எங்களுடையது, செலவில் ஒரு பங்கு தருகிறோம் என்றது கும்பினி அரசு. பாளையங்கோட்டைப் பக்கம் இன்றும் 'எய்டட் ஸ்கூல்' என்று சொல்வதற்கு வேர் அங்கேதான். சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு, சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையை உறுதி செய்தது.

காசு ஒருவர் கையிலும் நியமனம் இன்னொருவர் கையிலும் இருந்தால் சண்டை வராமல் இருக்குமா? கேரளத்தில் வந்தது. 1957-ல் இ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசின் கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த மசோதா, ஆசிரியர் சம்பளத்தை அரசே நேரடியாகக் கொடுக்கும், அரசுப் பட்டியலிலிருந்துதான் ஆளை எடுக்க வேண்டும் என்றது. முண்டசேரியும் கத்தோலிக்கர்தான். மேலாளர் கையில் சம்பளம் வாங்கிய வாத்தியாருக்கு அது நல்ல சேதி. ஆனால் திருச்சபையும் நாயர் சங்கமும் சேர்ந்து எதிர்த்தன. 'விமோசன சமரம்' என்ற விடுதலைப் போராட்டம் வெடித்து, 1959 ஜூலை 31-ல் ஆட்சியே கலைக்கப்பட்டது.

இங்கே தமிழ்நாட்டில் அவ்வளவு ரகளை இல்லை. சம்பளம் அரசிடமிருந்து வங்கிக் கணக்குக்கு வருகிறது. சிஸ்டர்மாருக்கும் அப்படித்தான், ஆனால் அந்தப் பணம் மடத்துக்குப் போய்விடும். என்னோடு வேலை பார்த்த சிஸ்டர் ஒருவரின் பாஸ்புக் மதருடைய பீரோவில் இருந்தது. அதில் எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வறுமை வாக்கு கொடுத்தவர்களின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சம்பளம் முதலில் அவரவர் பெயரில்தான் வருகிறது, பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு சரியென்றுதான் எனக்குப் படுகிறது. பிடித்தது போக மிச்சம் இப்போதும் மதரிடம்தான் போகிறது.