சோடா குடைஞ்ச குகை!

முதலியார்பேட்டை பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற மக்களே! பக்கெட்டில் போடுற ஹீட்டர் ராடை உத்துப் பார்த்திருக்கீங்களா? வெள்ளையா ஒரு படை ஒட்டியிருக்கும். அதுவும், சுண்ணாம்புக் குகைக்குள் தொங்கும் கல்விழுதும் ஒரே சரக்குதான் பாஸ்... கால்சியம் கார்பனேட்!

ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது பேலம் குகை. நீளம் 3,229 மீட்டர். குடைந்தது யாரு? தண்ணிதான். காற்றிலும், அதைவிட அதிகமா மண்ணிலும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைக் குடிச்சுட்டு, மழைநீர் லேசான சோடாவா மாறிப் பாறை வெடிப்பில் இறங்கும். சுண்ணாம்புக்கல் மெள்ள மெள்ளக் கரையும். வெடிப்பு முழுக்கத் தண்ணீர் நிறைந்திருந்தால் நாலாபக்கமும் அரித்து, உருண்டைக் குழாய். நீர்மட்டம் இறங்கிட்டா, ஓடுற தண்ணி தரையை மட்டும் அறுக்கும். ரெண்டும் சேர்ந்தா சாவித்துவாரம் ஷேப்!

குகை காலியானதும் கதை ரிவர்ஸ். சொட்டுற நீரிலிருந்து வாயு பிரிய, கரைந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகும். ஹீட்டர் ராடில் சூடு செய்கிற வேலையும் இதேதான்.

1884-ல் இந்தக் குகையைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட் (1863-ல் நம்ம பல்லாவரத்தில் கற்காலக் கருவி கண்டெடுத்த அதே ஆள்!). 1982-83-ல் ஜெர்மன் குழு இறங்கி ஆராய்ந்தது. 2002-ல்தான் மக்களுக்குத் திறந்தாங்க. 1980-கள் வரைக்கும் அக்கம்பக்கத்துக் குப்பையெல்லாம் உள்ளேதான் போச்சு. சுண்ணாம்புப் பாறையில் அழுக்கு வடிகட்டப்படாம, வெடிப்பு வழியா நேரா நிலத்தடி நீருக்கே போயிடும். அந்த ஊர்க் கிணறுகளைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க!