வீட்டுக்கு ஒரு படப்பை

படப்பை என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் என்ன பொருள் தெரியுமா? தோட்டம், வீட்டை ஒட்டிய கொல்லை என்று பொருள்!

அந்தப் பெயர் கொண்ட ஊர் சென்னைக்கு அருகே இருக்கிறது. தாம்பரத்துக்கு மேற்கே, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் உள்ளது. அங்கே மனை தேடி வரும் குடும்பங்கள் கேட்பதும் இதைத்தான். அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டாத தனி வீடு. வாசலில் வேம்பு. கொல்லையில் முருங்கை. துவைக்கும் கல்லடியில் இரண்டு வாழை.

ஆலைகள் வந்தன

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி இது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் செய்யத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு வீடு வேண்டுமே! வயல்களில் மனைக் கற்கள் முளைத்தன.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஏறக்குறைய ஐந்தரை சென்ட். அதில் பாதியில் வீடு கட்டினால் மீதிப் பாதி மண். நிழலும் காற்றும் அந்தப் பாதியில்தான். ஆனால் நடப்பது என்ன? கார் நிறுத்த முன்புறம் சிமெண்ட் போடுகிறார்கள். சேறாகிறது என்று பக்கமெல்லாம் கல் பதிக்கிறார்கள். கொல்லையில் இன்னொரு அறை எழும்புகிறது. மரம் எங்கே நிற்கும்? மழை எங்கே இறங்கும்? தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-ல். குழாயும் குழியும் இருந்தால் போதாது, மண்ணும் கொஞ்சம் வேண்டும்.

பழைய கதை

சென்னை தியாகராய நகரும் ஒரு காலத்தில் இப்படிப் பிறந்ததுதான். 1920-களில், மாம்பலத்துப் பெரிய ஏரிப் பக்கத்தில் அந்த நகரம் எழுந்தது. பூங்கா, அகன்ற தெரு, தோட்டத்துக்கு நடுவே தனித்தனி வீடு. ஏரியைப் பிறகு தூர்த்துவிட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது. ஏரிதான் இல்லை. தோட்ட வீடுகளில் பெரும்பாலானவை அடுக்கு மாடிகளாகிவிட்டன.

தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. படப்பை வட்டாரத்து ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் போய்ச் சேருகிறது. 2015 டிசம்பர் மழையில் அதே ஆறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. ஆசையாகக் கட்டிய தனி வீடுகளிலிருந்து மக்களைப் படகில் மீட்டார்கள்.

ஐப்பசியில் பாருங்கள்

மனை வாங்குமுன் வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்க்கிறோம். மனைப் பிரிவுக்கு அரசு அங்கீகாரம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், கணக்கில் அந்த இடம் என்னவென்று எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஏரியா, வாய்க்காலா, பட்டா நிலமா? கோடையில் போனால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்! ஐப்பசியிலோ கார்த்திகையிலோ, பெரு மழை பெய்த மறுநாள் போய் நின்று பாருங்கள். 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் கையைக் காட்டிச் சொல்வார்கள்.

மேடான இடம்தான் என்று தெரிந்த பிறகு மரத்தை யோசிக்கலாம். ஆலும் அரசும் வீட்டருகே வேண்டாம். வேர் அஸ்திவாரத்துக்கு ஆகாது. வேம்பைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி வேண்டும். ஒரு கிரவுண்டில் ஒன்றிரண்டே சரி. முருங்கைக்குக் காசே வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு போத்து கேட்டு வாங்கி நட்டால் போதும்.