மணிக்கட்டில் ஒரு சாட்சி

ஸ்மார்ட் வாட்சைக் கழற்றித் திருப்பினால் அடியில் பச்சை விளக்கு மினுமினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பாயும்போது தோலிலிருந்து திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வாட்ச் நாடித்துடிப்பைச் சொல்கிறது. அசைவை உணரும் சில்லு ஒன்று காலடிகளை எண்ணுகிறது. சிதம்பரம் கீழவீதியில் தொடங்கி நான்கு வீதியும் சுற்றி வருபவருக்கு எத்தனை அடி, எவ்வளவு தூரம் என்பது வீடு திரும்புமுன் தெரிந்துவிடும்.

ஆளை ஈர்ப்பது இந்த உடனடிப் பதில்தான். நாளைக்கு 10,000 அடி என்ற இலக்குகூட 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்ற கருவியின் பெயரிலிருந்து பரவியது. ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பது அதன் பொருள். ஆனாலும் 9,600-இல் நிற்கும் எண்ணைப் பார்த்தவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நாலு நடை நடந்துவிட்டுத்தான் படுக்கிறார். உடம்புக்கு நல்லதுதான்.

கணக்கு கையோடு நிற்பதில்லை. வாட்சிலிருந்து போனுக்கும், அங்கிருந்து நிறுவனத்தின் சர்வருக்கும் போகிறது. ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில், பயனர்கள் ஓடிய தடங்களைப் பெயர் நீக்கி உலக வரைபடமாக வெளியிட்டது. வெறும் பாலைவனத்தில் அமெரிக்க ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் ஒளிர்வதை 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கண்டு சொன்னார். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது.

தடம் யார் கைக்குப் போகிறது என்ற இதே கேள்வி கடலூர் முதுநகர், முடசல்ஓடை மீனவர்களுக்குப் படகின் வழியாக வருகிறது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. போன் சிக்னல் எட்டாத கடலிலும் அது புயல் எச்சரிக்கை தரும், ஆபத்தில் உதவி கேட்க வழி செய்யும். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் கண்ட கரைக்கு இதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் படகு நின்ற இடமும் கரையில் பதிவாகிறது. மீன் அடையும் பார் எங்கே என்பதை மீனவர் பக்கத்துப் படகுக்காரரிடம்கூடச் சொல்லமாட்டார். அது அவர் தேடிவைத்த சொத்து. அந்தத் தடம் யாரிடம், எத்தனை நாள் இருக்கும் என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

கண்காணிப்போடு கூலியும் சேரும்போது நிலைமை கடுமையாகிறது. நூறு நாள் வேலையில் தினமும் இரு முறை, இடக்குறியோடு படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. படம் ஏறாவிட்டால், வீராணம் பாசன வாய்க்காலில் வெட்டிய மண் கண்ணெதிரே குவிந்து கிடந்தாலும் வருகைக்கு அலைய வேண்டியதுதான். சண்டிகரில் தூய்மைப் பணியாளர்கள், வேலை நேரத்தில் கட்டச் சொன்ன ஜிபிஎஸ் கடிகாரத்தை எதிர்த்து 2020-இல் போராடினார்கள். கழிப்பறைக்குப் போவதும் மேற்பார்வையாளரின் திரையில் தெரியுமே என்று பெண்கள் அஞ்சினார்கள். அது நியாயமான அச்சம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைத் தொடுமுன் ஒப்புதல் பெறச் சொல்கிறது. ஆனால் அதன் 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைகளுக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. தானே வாட்ச் வாங்கியவர் வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம். வேலைக்காகக் கட்டிவிடப்பட்டவர் அந்த 7-ஆம் பிரிவுக்குள் நிற்கிறார்.