கேமராவும் வேட்டைக் கருவி ஆகலாம்: எல்லைக் கிராமப் பறவைகளும் 2022 சட்டத் திருத்தமும்

புது தில்லி: சரணாலயங்களுக்குள் படம் எடுப்போர் வாழிடத்தில் மாற்றம் செய்யவோ, உயிரினங்களுக்குப் பாதிப்பு ஏற்படுத்தவோ கூடாது என்ற நிபந்தனையை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சேர்த்தது. ஆனால், அந்த நிபந்தனை சரணாலய எல்லையோடு நின்றுவிடுகிறது. கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களின் குளக்கரைகளிலும் தோட்டங்களிலும் திரியும் பறவைகளுக்கு அதனால் பயன் இல்லை.

நெய்யாற்றின்கரை தமிழக அரசியலுக்குப் புதிய பெயர் அல்ல. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களில் அதுவும் ஒன்று. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையில் சாலையைக் கடந்தால் மாநிலம் மாறுகிறது. பறவைகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அகத்தியமலையில் பிறந்து பூவாற்றில் கடலில் கலக்கும் நெய்யாற்றின் கரைகளும், எல்லையின் இருபுறமும் உள்ள வாழை, ரப்பர் தோட்டங்களும் அவற்றுக்கு ஒரே நிலம்தான்.

காத்திருப்பின் கலை

கண்ணில் எளிதில் படாத பறவைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆறுமணிக் குருவி. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் தென்னகத்துக்கு வலசை வரும் இப்பறவை, அதிகாலையிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. நிழல் அடர்ந்த தரையில் சருகுகளைப் புரட்டிப் புழு தேடும். அது சருகைத் தூக்கி எறியும் நொடியைப் படமாக்க வேண்டுமானால், மங்கிய ஒளியில் அசையாமல் நெடுநேரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும், 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவருமான மா. கிருஷ்ணன் போன்றோர் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அப்படித்தான் காத்திருந்து எடுத்தனர். ஒரு சுருளில் 36 படங்கள் மட்டுமே கிடைத்த காலம் அது. இன்றைய கேமராக்கள் ஒரு நொடியில் 20 படங்களுக்கு மேல் எடுக்கின்றன. பறவையின் கண்ணைத் தாமே தேடிக் குவிக்கின்றன. கருவியின் வேகம் கூடியதற்கு ஏற்பப் பொறுமை கூடவில்லை என்பதே சிக்கல்.

பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து பறவையை வெளியே வரவழைப்பது, தொட்டியில் உயிர்மீன்களை விட்டு மீன்கொத்தியைப் பாயச் செய்வது, கூட்டை மறைக்கும் கிளைகளை ஒடிப்பது ஆகியவை நாடெங்கும் பறவை ஆர்வலர்களே கண்டிக்கும் பழக்கங்கள். போட்டிப் பறவை வந்துவிட்டதாக எண்ணி ஒலிபெருக்கியோடு மோதும் பறவை, இரை தேடும் நேரத்தையும் குஞ்சு காக்கும் நேரத்தையும் இழக்கிறது. மறைப்பை இழந்த கூடு காகத்துக்கும் பாம்புக்கும் எளிதில் தென்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2-வது பிரிவு, வேட்டை என்பதைக் கொல்லுதல் என்று மட்டும் சுருக்கவில்லை. இரை வைத்து ஈர்ப்பதும், பறவைகளின் முட்டைகளுக்கோ கூடுகளுக்கோ இடையூறு செய்வதும் வேட்டைதான். இந்த விளக்கம் சரணாலயத்துக்கு வெளியேயும் செல்லும். அட்டவணையில் உள்ள பறவையின் கூட்டைக் கலைப்பவர் கையில் துப்பாக்கி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் அட்டவணைப் பறவையானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. எனினும், பதிவு செய்த குரலைப் பயன்படுத்துவது பற்றிச் சட்டத்தில் தனியே ஒரு சொல் இல்லை.

2021 டிசம்பரில் அறிமுகமான திருத்த மசோதா, ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நிலைக்குழுவின் ஆய்வுக்குப் பின், 2022 ஆகஸ்டில் மக்களவையிலும் டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2023 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. புகைப்படக்காரர்களுக்கான நிபந்தனை அதில் 28-வது பிரிவில் இடம்பெற்றது. அந்தப் பிரிவோ சரணாலய நுழைவு அனுமதி பற்றியது. ஆகவே நெய்யாறு சரணாலயத்துக்குள் பொருந்தும் நிபந்தனை, அதே ஆற்றின் கீழ்ப்பகுதிக் கிராமங்களில் பொருந்தாது.

புகைப்படக்காரர்களைப் பகைவர்களாகக் கருதுவதும் நியாயம் ஆகாது. 2015 முதல் 2020 வரை கேரளத்தில் நடைபெற்ற பறவை வரைபடத் திட்டத்தில் தன்னார்வலர்கள் மூன்று லட்சம் பதிவுகளைத் திரட்டினர். எந்தப் பறவை எங்கே குறைகிறது என்பதற்கு ஒரு நல்ல படம் சாட்சியாகிறது. நாட்டின் பறவைகள் நிலை குறித்த 2023 அறிக்கை 178 இனங்களை உடனடிக் கவனம் தேவைப்படுபவை என வகைப்படுத்தியதற்கும் அடிப்படை, சாதாரண மக்களின் பதிவுகள்தாம்.

எனவே தேவை தடை அல்ல, ஒழுங்குமுறை. வன உயிரினப் பாதுகாப்பு 1976-இன் 42-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு வந்தது. மத்திய அரசு வழிகாட்டு நெறி வகுப்பதற்குத் தடை இல்லை. அதுவரை, 2002-ஆம் ஆண்டின் உயிரியப் பன்மைச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகளில் அமைய வேண்டிய மேலாண்மைக் குழுக்களே முன்வரலாம். பாறசாலை ஊராட்சியும் களியக்காவிளைப் பேரூராட்சியும், கூடு கட்டும் காலத்தில் கூட்டருகே படம் எடுப்பதில்லை, குரல் ஒலிபரப்புவதில்லை என்று ஒரே விதியை எழுதிக்கொண்டால், 1956-இல் பிரிந்த எல்லையின் இருபுறமும் பறவைகளுக்கு ஒரே நீதி கிடைக்கும்.